ஆசியுரையைக் கொஞ்சம் நிறுத்துங்கள்: எங்கள் பகுதி முதியோர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயா, செயலாளர் அம்மா, பொருளாளர் நானா, செயற்குழுவில் இருக்கிற மற்றப் பெரியவர்கள், அப்புறம் சங்கத்தில் பெயர் பதியாமலே பின்னேரங்களில் திருகோணமலை டச்பே கடற்கரையில் சங்கத்தை விடப் பெரிய கூட்டமாகக் கூடுகிற எல்லாருக்கும் வணக்கம், ஸலாம்.

இந்த வருஷம் எனக்கு அறுபது. எனக்கு அது உறைக்க முன்னமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. கிராம சேவகர் தெருவில் மறித்து, முதியோர் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தாச்சா என்று கேட்டார். பஸ்ஸில் ஒரு பிள்ளை எழும்பி இடம் விட்டாள். வேண்டாம் என்று நின்றேன், மறுபடியும் கேட்டாள், இருந்துவிட்டேன். கடைசியில் உங்கள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஒக்டோபர் 1 முதியோர் தின விழாவில் புது உறுப்பினர்கள் சார்பில் ‘வாழ்க்கை எனக்குக் கற்றுத் தந்தவை’ என்ற தலைப்பில் நான் பத்து நிமிஷம் பேச வேண்டுமாம்.

பேச மாட்டேன். மைக்கைக் கண்டால் நமது ஊரில் பத்து நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆகும், முன்வரிசையில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார்கள், அது ஆமோதிப்பா நித்திரையா என்று பேசுகிறவனுக்கு விளங்காது. எழுதினால் விரும்பியவர் வாசிப்பார். சங்கத்துக்கு மட்டும் அனுப்பினால் கோவையில் போட்டு மூடிவிடுவீர்கள் என்பதால் எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன். கோபம் வந்தால் கடற்கரையில் வைத்து ஏசுங்கள், வீட்டுக்கு வந்து ஏச வேண்டாம், மனைவி உங்கள் பக்கம் சேர்ந்துவிடுவாள்.

முதலில் இந்த அறுபதையே கொஞ்சம் பார்ப்போம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி அறுபது தாண்டினால் முதியவர். சரி. ஆனால் 2022க்கான வரவு செலவுத் திட்டத்தில் அரச உத்தியோகத்தர் 65 வரை வேலை செய்யலாம் என்றார்கள், அந்த வருஷம் முடிய முன்னமே இல்லை, 60தான் என்று திருப்பினார்கள். கதிரையை இன்னும் ஐந்து வருஷத்துக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள் டிசம்பர் 31ஆம் தேதி பூமாலையோடு வீட்டுக்கு வந்தார்கள். ஆக, நாம் எப்போது கிழவர்கள் என்பதில் அரசாங்கத்துக்கே ஒரு முடிவு கிடையாது. அதே சட்டம் தாய் தகப்பனைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது என்கிறது, பராமரிப்புக் கேட்டுப் போக ஒரு சபையும் அமைத்திருக்கிறது. நல்ல சட்டம், தேவையான சட்டம். தாய் தகப்பன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லலாம் என்று ஒரு பிரிவு அதில் இல்லை என்பதுதான் என் மனக்குறை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வயது போனால் புத்தி வரும் என்று நம்மை நாமே நம்ப வைத்திருக்கிறோம். எனக்கென்றால் அப்படித் தெரியவில்லை. நான் பார்த்த அளவில் வயது எவருக்கும் புதிதாக ஒரு குணத்தைக் கொடுத்ததில்லை, பழைய குணத்துக்குப் புதுப் பெயர்தான் வைக்கிறது. முப்பது வயதில் கஞ்சன் என்று பெயரெடுத்தவர் எழுபதில் ‘சிக்கனமான மனுஷன்’ ஆகிறார். நாலு வீட்டு விண்ணாணம் கதைத்துத் திரிந்தவர் ‘ஊர் விஷயம் தெரிந்தவர்’ ஆகிறார். எந்தப் பிரச்சினைக்கும் முன்னுக்கு நிற்காமல் ஒளித்தவர் ‘பொறுமைசாலி’. வீட்டில் ஒருவரையும் வாய் திறக்க விடாதவரைப் பேரப்பிள்ளைகள் ‘அப்பப்பா கொஞ்சம் கண்டிப்பு’ என்று அறிமுகப்படுத்துகிறார்கள். மறுபக்கமும் இருக்கிறது, சின்ன வயதில் விசரன் என்று ஊர் சிரித்த ஒருவர், கையில் இருப்பதை எல்லாம் மற்றவனுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறவர், இப்போது ‘தர்மவான்’. அவர் மாறவே இல்லை. ஊர்தான் அவரைப் பார்க்கிற கண்ணாடியை மாற்றியது.

ஆனபடியால் நரைத்த தலையைக் காட்டி மட்டும் யாரும் மேடையேறக் கூடாது என்பது என் கட்சி. மேடையேறி நாம் சொல்வதும் என்ன? ‘எங்கட காலத்திலே.’ இந்த ஒரு சொல்லோடு எந்தப் பிள்ளையும் காதை மூடிக்கொள்ளும்.

எங்கட காலம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலம். நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் இதைப் பல தடவை பார்த்திருக்கிறார்கள்: வயதானவரிடம் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால் அந்த இருபது வருஷத்து நினைவுகள்தான் மற்றக் காலத்தை விட நெருக்கமாக வந்து விழும். முதல் வேலை, முதல் சம்பளம், முதல் காதல், முதல் தடவை நைட்மெயில் ரயிலில் கொழும்புக்குப் போனது, எல்லாம் முதல் தடவை என்பதால் அழுத்தமாகப் பதிந்துவிடுகிறது. அப்புறம் வந்த நாற்பது வருஷமும் ஒன்றுபோலப் போனதால் அடையாளமில்லாமல் கரைந்துவிடுகிறது. அந்தக் காலத்து அறக்குளா ருசி என்று நாம் புலம்புவது நமது இருபத்திரண்டு வயதுப் பசியின் ருசி. மீன் பாவம், அது அப்படியேதான் இருக்கிறது. விலை மட்டும் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

நினைவு விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு, ஜப்பான்காரன் குண்டு போட்ட கதை. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் அடித்தன, எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றி எரிந்தது, அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. இதெல்லாம் சரித்திரம். அதை ‘கண்ணால் கண்டவர்கள்’ எங்கள் கடற்கரையில் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு இடிக்கும் இடம். ஒரு பிள்ளைக்கு நாலைந்து வயதாவது இருந்தால்தான் அப்படி ஒரு நாள் ஞாபகத்தில் நிற்கும், ஆக அன்றைக்குக் கண்டவர் இன்றைக்குத் தொண்ணூறுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு அந்தக் கதையைக் கையை விரித்து, விமானம் எந்தப் பக்கத்தால் சரிந்து வந்தது என்று காட்டிச் சொல்பவர் பிறந்தது 1949இல். நான் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. தகப்பன் சொல்லச் சொல்லக் கேட்டு, அந்தக் கதை அவருக்குள் இறங்கி, எந்த இடத்தில் தகப்பனின் கண் முடிந்து தன் கண் தொடங்கியது என்று அவருக்கே தெரியாமல் போய்விட்டது. மனுஷ மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. சாட்சிக் கூண்டில் ஏறினாலும் சத்தியம் பண்ணிச் சொல்வார், உள்ளத்தால் அது உண்மையும் கூட. ஆனால் பிறகு வந்த உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் மூன்று பிள்ளைகளோடு தான் எந்தப் பாதையால் வெளியேறினார், யார் தண்ணீர் கொடுத்தார்கள், யார் கதவைச் சாத்தினார்கள் என்று கேட்டால் ‘அதை விடு தம்பி’ என்பார். இரவல் கதையைக் கை விரித்துச் சொல்கிற மனுஷன் சொந்தக் கதைக்கு வாய் திறப்பதில்லை. இதைத்தான் நான் இந்த மடல் முழுக்கச் சொல்ல வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

கிளினிக் நாட்களையும் சொல்லாமல் போனால் மனுஷ சுபாவத்தைப் பற்றி எழுதினேன் என்று சொல்ல முடியாது. விடிய முன்னம் போனால் வாங்கில் ஆட்கள் இருக்க மாட்டார்கள், கிளினிக் கொப்பிகள் இருக்கும். வெள்ளைப் பொலித்தீன் பையில் சுற்றியது, பழைய கலண்டர் மட்டையால் உறை போட்டது, ரப்பர் பட்டி மாட்டியது, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கல் வைத்தது என்று வரிசையாக, ஆளுக்குப் பதில் கொப்பி. கொப்பிக்காரர்கள் வெளியே பிளேன்டீக் கடையில். இந்த ஏற்பாட்டில் ஒரு சட்டமும் எழுதவில்லை, ஆனால் எல்லாரும் அதை மதிக்கிறார்கள். மதிக்காதவர் ஒருவர் எப்போதும் இருப்பார், அவர் யாரென்றால் ‘இந்த நாட்டில் ஒழுங்கே இல்லை’ என்று போன கூட்டத்தில் நன்றியுரை சொன்னவர். கல்லோடு சேர்த்துக் கொப்பியை மெதுவாக முன்னுக்குத் தள்ளுவார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், கல்லுக்கும் தெரியும்.

அப்புறம் சீனிப் போட்டி. ‘எனக்கு 180’ என்று ஒருவர் சொல்ல, ‘அதெல்லாம் ஒரு சீனியா, எனக்குப் போன மாதம் 260’ என்று மற்றவர் நெஞ்சை நிமிர்த்துவார். பிரஷர்க்காரர் அதைக் கேட்டுத் தன் பங்குக்கு ஒரு எண் சொல்வார். சின்ன வயதில் பரீட்சைப் புள்ளி, நடுவயதில் சம்பளம், இப்போது இது. எண்ணைக் காட்டி அடுத்தவனை விழுத்த வேண்டும் என்ற ஆசை மட்டும் எந்த மருந்துக்கும் குறையவில்லை.

இன்னொன்று, காலையில் வட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்புகிற தாமரைப் பூவுக்கு நான் எதிரி இல்லை. பூவுக்குக் கீழே வருகிற வைத்தியக் குறிப்புகளுக்குத்தான் எதிரி. 2019இல் ஒரு அமெரிக்க ஆய்வு வெளியானது, 2016 தேர்தல் காலத்தில் பேஸ்புக்கில் யார் என்ன பகிர்ந்தார்கள் என்று பார்த்தது. பெரும்பாலானவர்கள் பொய்ச் செய்தித் தளங்களைப் பகிரவே இல்லை. ஆனால் 65 வயது தாண்டியவர்கள் சராசரியாக, மிக இளைய பிரிவினரை விடக் கிட்டத்தட்ட ஏழு மடங்கு அதிகமாகப் பகிர்ந்திருந்தார்கள். சந்தையில் கத்தரிக்காயை நாலு தடவை புரட்டிப் பார்த்து, விலை பேசி, தராசையும் சந்தேகித்து வாங்குகிற நாம், ஃபோனில் வந்தால் மட்டும் ‘அவர் அனுப்பினவர்’ என்று அப்படியே விழுங்குகிறோம். ஆளைப் பார்த்து நம்பிப் பழகிய தலைமுறை நாம். இப்போது ஆள் ஒன்று, அனுப்புகிற வாய் வேறொன்று, அது நமக்குப் பிடிபடவில்லை. இந்த ஒரு விஷயத்தில் பேரப்பிள்ளையிடம் கேட்டுவிட்டு அனுப்பினால் ஒன்றும் குறைந்துபோகாது.

இவ்வளவும் குறை சொன்னதால் உங்களிடம் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன் என்று எண்ண வேண்டாம். உங்களிடம் இருப்பது பெரிய சொத்து. அதை உள்ளே பூட்டி வைத்துவிட்டு, காலண்டர் தாளில் கிடைக்கிற பொன்மொழியைப் பிள்ளைகளுக்கு விநியோகிக்கிறீர்கள் என்பதுதான் என் முறைப்பாடு.

உதாரணத்துக்கு, கிண்ணியாப் பாதையில், அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றி இறக்கிய மிதவையில், வேலை செய்த ஒரு நானா. 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும் வரைக்கும் அந்தக் கடலைக் கடக்க எல்லாரும் பாதையில்தான் ஏற வேண்டும், அவசரக்காரனும் ஆறுதல்காரனும் ஒரே பலகையில் நிற்க வேண்டும். இன்றைக்கு 396 மீற்றர் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் பறக்கிறவனுக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்றே தெரியாது. நானா அதிகம் கதைக்கிறவர் இல்லை, சுருட்டு ஒன்றைப் பற்ற வைத்தால் அது அணையும் வரைக்கும் கடலைத்தான் பார்ப்பார். ஒரு நாள் எப்படியோ சொன்னார்: ‘தம்பி, கடன் வாங்கினவன் பாதை கரை தட்ட முன்னமே முன்னுக்கு வந்து நிற்பான், கடன் கொடுத்தவன் கடைசி ஆளாக இறங்குவான், ஏனென்றால் எல்லாரும் தன்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.’ இன்னொரு தடவை, கலியாணம் பேசப் போகிற குடும்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்கினார். போகும்போது எல்லாரும் சேர்ந்து நிற்பார்களாம். திரும்பி வரும்போது பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் நின்றால் சீதனக் கதை சரிவரவில்லையாம். இத்தனை வருஷம் ஆட்களைப் பார்த்துப் பார்த்து மனுஷர் படித்து வைத்திருக்கிற பாடம் இது. இந்த மனுஷரைப் போன வருஷ விழாவில் மேடையேற்றி என்ன பேச வைத்தீர்கள்? ‘ஒழுக்கமே உயர்வு.’ அவரும் ஒரு தாளைப் பார்த்து வாசித்துவிட்டு இறங்கினார், பிள்ளைகள் கைதட்டினார்கள், தட்டச் சொன்னதால் தட்டினார்கள்.

இன்னொருவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒரு அக்கா, எழுபது தாண்டியவர். உங்கள் சங்கத்தில் இல்லை, கடற்கரைக்கும் வருவதில்லை. பெண்களுக்குக் கடற்கரை மாநாடு எங்கே, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வருவதற்கே பொழுது சரி. ஆனால் செத்த வீடு என்றால் முதல் ஆள் அவர்தான். நான் ஒரு தடவை கிட்ட இருந்து பார்த்தேன். வந்தார், செருப்பைக் கழற்றினார், அழவில்லை. நேரே அறைக்குள் போய் அலுமாரித் திறப்பை எடுத்துத் தன் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகினார். அப்புறம்தான் வெளியே வந்து செத்தவரின் மனைவியைக் கட்டிப் பிடித்துக் குரல் வைத்து அழுதார். யாரை யாருக்குப் பக்கத்தில் இருத்தக் கூடாது, எந்தச் சம்பந்திக்கு முதலில் தேத்தண்ணீர் போக வேண்டும், வெளிநாட்டால் வருகிற மகனுக்காக எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம், அயல் வீடுகளில் யார் சமைத்துக் கொண்டு வருவார்கள், பந்தல்காரனுக்குக் காசு யார் கையால் கொடுத்தால் பிறகு கதை வராது, எல்லாம் அவருக்குத் தெரியும். திறப்பு அந்தியேட்டி முடிந்து, கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போய்க் கிரியை செய்து திரும்பிய பிறகுதான் அவர் இடுப்பிலிருந்து இறங்கியது. விதவையின் கையில் கொடுத்து, ‘இனி ஒருத்தருக்கும் குடாதே, பெத்த பிள்ளைக்கும் கேட்டவுடன் குடாதே’ என்றார். உலக அறிவு என்றால் இதற்கு மேல் ஒன்றை எனக்குத் தெரியாது. அந்த ஒரு திறப்பால் எத்தனை சகோதரச் சண்டை தவிர்ந்திருக்கும் என்று அவரே சொல்ல மாட்டார். கேட்டால், ‘அது சும்மா, துலைஞ்சு போகும் என்று வைச்சிருந்தனான்’ என்பார்.

செத்த வீட்டில் இருந்து கல்வெட்டுக்கு வருகிறேன், முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவு மலரைத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டு அலுமாரியில் அது ஒரு அடுக்கு இருக்கிறது, உங்கள் வீடுகளிலும் இருக்கும், எறிய மனம் வராது, வாசிக்கவும் மாட்டோம். முதலில் படம், அப்புறம் திதி வெண்பா, தேவாரம், அப்புறம் வாழ்க்கை வரலாறு. அந்த வரலாறுகளை ஒரு மழை நாளில் ஒன்றாக வைத்து வாசித்துப் பார்த்தேன். திருகோணமலையில் கெட்ட மனுஷர் ஒருவரும் இதுவரை செத்ததில்லை! எல்லாரும் இன்முகம், எல்லாரும் விருந்தோம்பல், எல்லாரும் பண்பாளர், எல்லாருடைய இல்லறமும் நல்லறம். அயல் வீட்டுக்காரனோடு வேலி அரக்கியதற்காக இருபது வருஷம் முகம் பாராமல் இருந்தவரும் ‘அயலவரின் அன்புக்குப் பாத்திரமானவர்’. செத்தவரைப் பற்றி நல்லது சொல்வதில் தப்பில்லை, அது நாகரிகம். ஆனால் உயிரோடு இருக்கும்போதே நாம் கல்வெட்டு மொழியில் கதைக்கத் தொடங்கிவிட்டோம் என்பதுதான் எனக்குக் கவலை. பிள்ளைகளுக்கு முன்னால் வாயைத் திறந்தால் அச்சடித்த வசனம் வருகிறது. அவர்கள் நம்மோடு இருக்கும்போது ஃபோனைப் பார்க்கிறார்கள் என்றால், ஃபோனில் யாராவது ஒருவன் உண்மையாகச் சண்டையாவது பிடிக்கிறான்.

காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்று ஒரு பழமொழியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை நாம் வெருட்டுவோம். வெருட்டி என்ன பயன்? குருத்தோலை சிரிக்கத்தான் செய்யும், நாமும் சிரித்தோம். எப்படி விழுந்தால் அடி குறைவு என்று காவோலை சொல்லிவிட்டு விழுந்தால் அல்லவா அதற்கு உபயோகம்.

நமக்கும் இந்த முதுமை பழக்கமில்லாத ஒன்று என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 1946இல் இந்த நாட்டில் சராசரி ஆயுட்காலம் நாற்பத்துச் சொச்சம் வருஷம்தான். குழந்தைகளும் பிள்ளைப்பேற்றுத் தாய்மாரும் மலேரியாவுக்கு அகப்பட்டவர்களும் நிறையப் பேர் செத்ததால் வந்த கணக்கு அது, கிழவர்களே இல்லை என்று அர்த்தமில்லை. இன்றைக்கு அது 77 அளவில் நிற்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது தாண்டியவர்கள், அதற்குப் பிறகு விகிதம் இன்னும் ஏறித்தான் இருக்கிறது. நமது தாத்தாமாருக்கு ஓய்வூதியம் எடுத்து, இருபது வருஷம் சும்மா இருந்து, கனடாவில் இருக்கிற மகளோடு வீடியோவில் கதைத்து, ஆறு அறை வீட்டை ஒற்றை ஆளாகக் காவல் காத்துப் பழக்கமில்லை. ஆகவே எப்படிக் கிழவராக இருப்பது என்று முன்மாதிரி பார்க்க நமக்கும் பெரிய கூட்டம் இல்லை. தட்டுத் தடுமாறித்தான் பழகுகிறோம். அதைச் சொன்னால் மரியாதை குறையும் என்று பயப்படுகிறோம்.

நல்ல சேதியும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிளாஞ்சிஃபிளவர், ஒஸ்வல்ட் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் 2008இல் பல நாட்டுத் தரவுகளை வைத்து, மனுஷருடைய மனநிறைவு நடுவயதில், நாற்பதுகளின் நடுப்பகுதியில் அடிமட்டத்துக்குப் போய், அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஏறுகிறது என்று எழுதினார்கள். எல்லா ஆய்வாளரும் அதை ஏற்கவில்லை, வாதாடுகிறார்கள், ஆனால் எனக்குச் சரிபோலத்தான் படுகிறது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து லோரா கார்ஸ்டென்சன் சொல்கிற காரணம் இன்னும் பிடித்திருக்கிறது: முன்னுக்கு இருக்கிற காலம் குறைவு என்று உணர்ந்தால் மனுஷர் தேவையில்லாத உறவுகளைத் தாமாகவே கழித்துவிட்டு, மனதுக்கு நெருங்கிய நாலு பேரோடு நின்றுகொள்கிறார்களாம். கடற்கரையில் பின்னேரம் பாருங்கள். காணி எல்லைக்காக வருஷக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கிய இரண்டு பேர் இன்றைக்கு ஒரே பொட்டலத்தில் கச்சான் உடைத்துச் சாப்பிடுகிறார்கள். எப்படிச் சமாதானமானீர்கள் என்று கேட்டேன். ஒருவர் ‘எல்லாம் அவன் செயல்’ என்று கோணேசர் மலைப் பக்கம் கையைக் காட்டினார். மற்றவர் கொஞ்சம் நேரம் கழித்து, முதலாமவர் கால் நனைக்கப் போன பிறகு, மெதுவாகச் சொன்னார்: ‘அவற்ற சட்டத்தரணியும் செத்துப் போனார், என்ர சட்டத்தரணியும் செத்துப் போனார். புது ஆளுக்குக் கதையை முதலிலிருந்து சொல்ல வெளிக்கிட்டால், ஏன் தொடங்கினது என்று எங்கள் ரெண்டு பேருக்கும் வடிவாக ஞாபகம் இல்லை.’

பாருங்கள், முதலாவது பதில் மேடைக்கு, இரண்டாவது பதில் வாழ்க்கைக்கு. பிள்ளைகளுக்கு நாம் எப்போதும் முதலாவதையே கொடுக்கிறோம்.

ஆகவே என் கோரிக்கை. ஒக்டோபர் 1ஐ முதியோர் தினம் என்று ஐக்கிய நாடுகள் சபை 1990இல் குறித்தது. நமது நாட்டில் அதே நாள்தான் சிறுவர் தினமும். யார் யோசித்துச் செய்தார்களோ தெரியாது, நல்ல பொருத்தம். இரண்டு பகுதிக்கும் பல் குறைவு, இரண்டு பகுதியையும் வெயிலில் இருத்தி வைத்துவிட்டுப் பிரதம விருந்தினருக்காகக் காத்திருக்கச் சொல்லலாம், கேள்வி கேட்க மாட்டார்கள். இப்போது விழா எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை, பிள்ளைகளின் நடனம், நமக்கு ஒரு துவாய், அவர்களுக்கு ஒரு பிஸ்கட் பக்கெட், நன்றியுரை. பக்கத்துப் பக்கத்தில் இருந்துவிட்டு ஒரு வார்த்தை கதைக்காமல் இரண்டு கூட்டமும் வீட்டுக்குப் போகிறது.

இந்த முறை உரைகள் எல்லாவற்றையும் வெட்டுங்கள். விளக்கேற்றுங்கள், அது இருக்கட்டும். அப்புறம் கதிரைகளை வரிசையிலிருந்து கலைத்து மர நிழலில் வட்டம் வட்டமாகப் போட்டு, ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு பெரியவர், ஆறேழு பிள்ளைகள். பிள்ளைகள் கேட்பார்கள், நாம் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ‘எங்கட காலத்திலே’ என்று தொடங்கினால் அந்தப் பெரியவர் எல்லாருக்கும் ஐஸ்பழம் வாங்கிக் கொடுக்க வேண்டும். சொல்ல விருப்பமில்லாத கேள்விக்கு விருப்பமில்லை என்று சொல்லலாம், பொன்மொழியால் மழுப்பக் கூடாது. அந்த அக்காவை எப்படியாவது கூட்டி வாருங்கள், அன்றைக்குப் பேரப்பிள்ளையையும் கையோடு கொண்டு வரலாம், அதற்கும் அன்றைக்குத்தானே விழா.

பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்று பயப்படுவீர்கள். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே விசாரித்துப் பார்த்தேன். ஒருவன், பல் இல்லாமல் முறுக்குச் சாப்பிடுவது எப்படி என்றான். ஒருத்தி, நீங்கள் வகுப்பில் காப்பியடித்தீர்களா என்று கேட்க வேண்டும் என்றாள். கோட்டைக்குள் திரிகிற மான்கள் முன்னமும் மனுஷரின் பார்சலைப் பிடுங்கினவையா என்று ஒரு கேள்வி வந்தது. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘உங்களுக்கெல்லாம் அம்மா இல்லாமல் பயமாக இல்லையா?’ என்றது. நான் அங்கே நின்ற மூன்று பெரியவர்களைப் பார்த்தேன், ஒருவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார், ஒருவர் நேரமாகிவிட்டது என்றார். மூன்றாவது ஆள், வழக்கமாக எதற்கும் சீறி விழுகிறவர், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் படிக்கட்டில் இருந்துகொண்டு, ‘ராவில மட்டும் கொஞ்சம்’ என்றார். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, ஆனால் நீண்ட நேரம் கதைத்தார்கள். இப்போது அந்தப் பிள்ளை அவரைக் கண்டால் சைக்கிளை நிறுத்துகிறது.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். தலைவர் ஐயா, உங்கள் தலைமையுரை ஏற்கெனவே எழுதி முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன், அதை அடுத்த கல்வெட்டுக்கு யாருக்காவது பாவிக்கலாம், வீணாகாது. செயலாளர் அம்மா, பிரதம விருந்தினருக்கு அழைப்பு அனுப்பியிருந்தால் வரட்டும், அவருக்கும் ஒரு வட்டத்தில் கதிரை உண்டு, வயது அறுபதுக்குக் கீழே என்றால் பிள்ளைகளோடு இருந்து கேள்வி கேட்கலாம். பொருளாளர் நானா, ஒலிபெருக்கிக்காரனுக்குக் கொடுத்த முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். லேசில் தர மாட்டான், தகப்பனும் அப்படித்தான். அந்தக் காசை அவனிடமிருந்து கறக்கப் போகும்போது இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், கிட்ட நின்று பார்க்கட்டும்.

இப்படிக்கு,
சந்தா இன்னும் கட்டாத புது உறுப்பினர்,
திருகோணமலை.